கருவுற்ற தாயும் உணவும்: ‘சாப்பிடாதே’ என்பதற்கு அப்பால்

‘உணவே மருந்து’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இனம் நம் இனம். ஆயினும், ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் எழுவது ‘எதைச் சாப்பிட வேண்டும்?’ என்ற கேள்வியன்று. ‘எதைச் சாப்பிடக் கூடாது’ என்ற கட்டளையே ஆகும். அன்னாசி கூடாது, பப்பாளி கூடாது, எள் கூடாது, ஒட்டியிருக்கும் இரட்டை வாழைப்பழம் கூடவே கூடாது எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நம் தாய்மார்கள் பலருக்கு, கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை எதனோடு விழுங்க வேண்டும் என்பது தெரிவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது மணமானவர்களுக்கு உரிய செய்தி, நமக்கு எதற்கு என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கருவுற்ற பின் தெரிந்துகொண்டால் காலம் கடந்துவிடும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. அதனால்தான் இதை இருபது வயதுகளில் இருப்பவர்கள் படிக்கும் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

ரெங்கத்தில் கேட்டவை

ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிறு பட்டணம் ரெங்கம். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரமாக இருந்தவற்றில் பெரும்பகுதி இன்று செம்பனை. அப்படிப்பட்ட தோட்டமொன்றில் பிறந்து, ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, கருவுற்றிருந்த அக்காமார்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, மாமியார், பாட்டிமார்களிடமும் உணவு பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். இதை ஆய்வு என்று சொல்வதற்கில்லை. உறவு முறையில் உட்கார்ந்து பேசியதுதான்.

அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். மாதந்தோறும் கிளினிக்குக்குத் தவறாமல் செல்கிறார்கள். தங்கள் பரிசோதனைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறக் குறியீடுகளில் சிவப்புதான் மிக ஆபத்தானது என்பதை அறிந்திருக்கிறார்கள். கீரை நல்லது, பால் நல்லது, பழம் நல்லது என்றும் சொல்கிறார்கள். ஆனால், ஓர் அக்கா என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்: “ரத்தம் கம்மியா இருக்குன்னு மிஸ்ஸி மாத்திர குடுத்தாங்க. காலையில தேத்தண்ணியோட போட்டுக்குவேன். ஆனா வயித்தப் பெரட்டுது, கறுப்பா வேற போவுது. பயந்துகிட்டு ரெண்டு நாளைக்கு ஒன்னுதான் போடறேன்.”

இந்த நான்கு வரிகளில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாத்திரை வீடு வரை வந்துவிட்டது. அதன் பயன் இரத்தம் வரை போய்ச் சேரவில்லை.

விலக்குப் பட்டியலில் எது உண்மை?

முன்னோர் சொன்னவை அனைத்தும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. அனைத்தும் அறிவியல் என்று கொண்டாடுவதும் தவறு. பப்பாளியையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணேசன் அடைக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை எலிகளைக் கொண்டு சோதித்து 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கருவுற்ற எலிகளுக்குப் பழுத்த பப்பாளிச் சாற்றைக் கொடுத்தபோது கருவுக்குப் பாதிப்பு ஏற்படவில்லை. ஆனால், பப்பாளிக் காயிலிருந்து வடியும் பால், எலியின் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்தது. ஆகவே, ‘பப்பாளிக் காய் வேண்டாம்’ என்று பாட்டி சொன்னதில் பொருள் உண்டு. அந்தத் தடையை நன்கு கனிந்த பழத்துக்கும் சேர்த்துப் போட்டதுதான் மிகை.

அன்னாசியின் கதை வேறு. ரெங்கத்துக்கு அருகிலுள்ள சிம்பாங் ரெங்கம் பகுதி அன்னாசித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. சாலையோரக் கடைகளில் பழம் குவிந்து கிடக்கும். கருவுற்ற பெண் மட்டும் அதைத் தொடக் கூடாது! அன்னாசியில் உள்ள புரொமெலைன் என்னும் நொதிப்பொருள்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அது அச்செடியின் தண்டிலும் பழத்தின் நடுத்தண்டிலும்தான் அதிகம். உணவாக உண்ணும் அளவில் பழுத்த அன்னாசி கருவைக் கலைக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. நீரிழிவு இல்லாதவர் ஓரிரு துண்டு சாப்பிடுவதில் தவறில்லை. குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கும் சான்று இல்லை. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு. குங்குமப்பூவுக்குச் செலவிடும் பணத்தில் எத்தனை தட்டு முட்டை வாங்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மண் தின்னும் ஆசை

கருவுற்ற பெண்ணுக்கு ஏற்படும் வேட்கையை நம் சங்கப் புலவர்கள் ‘வயவு’, ‘வயா’ என்று குறித்தனர். புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டைப் புகழ்கிறார். அந்நாட்டு மண்ணைப் பகைவர்கள் ஒருபோதும் உண்டதில்லை. கருவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்பது அவர் சொல்லும் நயம். நாட்டைக் கைப்பற்றுவதையும் மண்ணைத் தின்பதையும் ஒரே சொல்லில் வைத்துப் பாடியிருக்கிறார்.

இதில் இலக்கிய நயத்தோடு ஒரு மருத்துவச் செய்தியும் இருக்கிறது. மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி போன்றவற்றைத் தின்னத் தோன்றுவதை இன்றைய மருத்துவம் தனிப் பெயரிட்டு ஆராய்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த பெண்களிடம் இவ்வாசை அதிகம் காணப்படுகிறது. ரெங்கத்திலும் பச்சரிசி மெல்லும் பழக்கத்தைப் பற்றிப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ‘மசக்கை ஆசை’ என்று அதை விட்டுவிடுகிறோம். அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மறக்காமல் சொல்ல வேண்டிய அறிகுறி அது.

இரத்தம் குறைவதில்லை, இரும்புதான் குறைகிறது

‘இரத்தம் கம்மி’ என்று தமிழிலும் ‘குராங் டாரா’ என்று மலாயிலும் நாம் சொல்லும் சொல்லே நம்மைத் திசைதிருப்பி விடுகிறது. உண்மையில், கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. கூடிய இரத்தத்துக்கு ஏற்பச் சிவப்பணுக்களை உருவாக்க இரும்பு போதாமல் போவதுதான் சிக்கல். ஒரு கர்ப்பக் காலம் முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. சாதாரண உணவில் இருந்து மட்டும் இதைத் தேடிக்கொள்வது கடினம். அதனால்தான் மாத்திரை தருகிறார்கள்.

இரத்தச் சோகை உண்டா இல்லையா என்பதை ஹீமோகுளோபின் அளவைக் கொண்டு சொல்வர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கும், நடு மூன்று மாதங்களில் 10.5 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை. சோகை கடுமையானால் குழந்தை எடை குறைந்து பிறக்கவும், குறை மாதத்தில் பிறக்கவும் வாய்ப்பு அதிகம். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் அதைத் தாங்கும் வலுவும் தாய்க்கு இருக்காது. இது உயிர் தொடர்பான செய்தி.

இந்த இடத்தில்தான் நம் தேத்தண்ணி குறுக்கே வருகிறது. 1975ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் அருந்தினால் என்ன நிகழ்கிறது என்று சோதித்து எழுதினர். தேநீரில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. உடல் அதை ஏற்பதில்லை. தாவர உணவில் இருந்து கிடைக்கும் இரும்பின் சேர்க்கை இதனால் பாதிக்கும் மேல் குறைந்துவிடக் கூடும். வைட்டமின் சி உடன் இருந்தபோதும் தேநீரின் தடை நீங்கவில்லை என்பது அவ்வாய்வில் கவனிக்கத்தக்கது. காப்பிக்கும் இத்தகைய தடுக்கும் குணம் உண்டு. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு தடுக்கும். ஆகவே, தே தாரிக்கோடு மாத்திரை போடுபவர் இரண்டு தடைகளை ஒரே குவளையில் சேர்த்துக் குடிக்கிறார்.

செய்ய வேண்டியது எளிது. இரும்பு மாத்திரையைப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர், காப்பி, பால் வேண்டாம். கூடவே ஒரு துண்டு கொய்யா, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும். கிளினிக்கில் சிலருக்கு இரும்போடு வைட்டமின் சி மாத்திரையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டல் இருந்தால் இரவில் படுக்கும் முன் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் முடியாவிட்டால் வேறு வகை மாத்திரை கேட்கலாம். தாமாகவே நிறுத்திவிடுவதுதான் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லையென்றால் தலசீமியா போன்ற வேறு காரணம் இருக்கலாம். அதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று, சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்று பீட்ரூட் சாறு குடிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. பீட்ரூட் 100 கிராமில் இருக்கும் இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே 100 கிராம் வேகவைத்த மைசூர்ப் பருப்பில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆட்டிறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதில் உடலில் சேரும். பருப்பும் முருங்கைக்கீரையும் சமைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து உண்டால் அதுவே நல்ல உணவு. சுத்தமாக அசைவம் தவிர்க்கும் வீடுகளில் இந்த எலுமிச்சை மிக முக்கியம்.

சென்னையில் தேடிய ஒரு விடை

இரும்புக்கு அடுத்து ஃபோலிக் அமிலம். இதன் வரலாற்றில் நம் தாய்மார்களுக்கும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களை ஒரு கடுமையான சோகை பீடித்திருந்தது. அதன் காரணத்தைத் தேடி அவர் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், 1931இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் உள்ள அம்மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கப்படுகிறது. காய்கறியும் பழமும் குறைவாக உண்ட ஏழைப் பெண்களையே இந்நோய் அதிகம் தாக்கியது என்பதை அவர் கண்டார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணப்படுத்தியது. 1931ஆம் ஆண்டிலேயே இம்முடிவுகளை வெளியிட்டார். ஆம், நம் வீடுகளில் கஞ்சியில் கலந்து குடிக்கும் அதே மார்மைட்தான்!

அதில் இருந்த சத்து எது என்பது பின்னரே தெரிந்தது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதனைப் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலத்தீனில் ‘இலை’ என்று பொருள்படும் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். தமிழில் ‘இலைச்சத்து’ என்று சொன்னால் யாருக்கும் எளிதில் விளங்கிவிடும். வேகவைத்த மைசூர்ப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 300 மைக்ரோகிராமுக்கு மேல் இச்சத்து உண்டு. இது நீரில் கரையக்கூடியது. நெடுநேரக் கொதிப்பில் அழியக்கூடியது. கீரையை வெகுநேரம் வேகவைத்து நீரை வடித்து ஊற்றினால் சத்தில் பெரும்பகுதி வடிகாலுக்குத்தான் போகும்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட, காலம் கடந்துவிடும் செய்தி இதுதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. மாதவிலக்கு தள்ளிப்போய் ஓரிரு வாரமே ஆகியிருக்கும். கிளினிக்கில் பதிந்திருக்கவும் மாட்டார்கள். அந்நாள்களில் இலைச்சத்துக் குறைந்தால் நரம்புக்குழாய் சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு அதிகம். முன்பு அத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடையே பிரிட்டன் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு குறைந்தது. எனவேதான், குழந்தைக்குத் திட்டமிடும் காலத்திலிருந்து முதல் 12 வாரங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தச் சோகை இருப்பதைக் காட்டியது. பல்கலைக்கழக விடுதியில் காலையுணவைத் தவிர்த்து, மதியம் மேகி மீயும் இரவில் தே தாரிக்குமாக நாள்களைக் கழிக்கும் என் தோழியர் பலரும் அந்த வயதுக்குள்தான் அடங்குவர். ஒழிந்த கையோடு கருவுறும் பெண்ணுக்கு, கிளினிக் பத்து மாதத்தில் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட முடியாது.

இருவருக்குச் சாப்பிடுவதா?

‘இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்பது அன்பினால் சொல்லப்படுவது. மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை 2017இன்படி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கூடுதலாக 80 கலோரியும், அடுத்த மூன்று மாதங்களில் 280 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 470 கலோரியும் போதும். 280 கலோரி என்பது ஒரு குவளைப் பால், ஓர் அவித்த முட்டை, ஒரு துண்டு ரொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த அளவுதான். இரண்டு தட்டுச் சோறும் கெட்டிப்பால் ஊற்றிய மைலோவும் அதைவிட மிக அதிகம்.

கர்ப்பக் கால நீரிழிவு நம் இனத்தவரிடையே எளிதில் ஏற்படக்கூடியது. சீனித் தண்ணீரைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்களே, அச்சோதனை இதற்காகத்தான். ‘வாந்தி வருகிறது’ என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. நீரிழிவு உறுதியானால் பட்டினி கிடப்பது தீர்வாகாது. சோற்றைக் குறைத்து, காய்கறி, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டி, இனிப்புப் பானங்களை நிறுத்துவதே முதற்படி.

நம் பங்கு

ரெங்கத்தில் எனக்குப் பளிச்சென்று விளங்கியது ஒன்றுண்டு. பள்ளியில் மலாயில் படித்த இளையவர்கள் ‘ஸாட் பெசி’, ‘அசிட் ஃபோலிக்’ என்று அறிவார்கள். சமைக்கும் அத்தையும் மாமியாரும் ‘சூடு’, ‘குளிர்ச்சி’, ‘சத்து’ என்று அறிவார்கள். ஒரே அடுப்படியில் இரண்டு அறிவும் இருக்கின்றன; ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. கையில் இருக்கும் புத்தகமோ மலாயில் இருக்கிறது. அதை வாசித்து, முருங்கைக்கீரைக்கும் ‘ஸாட் பெசி’க்கும் உள்ள உறவைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்ல இடையில் ஓர் ஆள் தேவை. தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் படித்த நம்மைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

இது பெண்களின் வேலை மட்டுமன்று. கடைக்குச் சென்று பொருள் வாங்குபவர்களும், கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்பவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அண்ணன்மார்களும் தம்பிமார்களும் இதை அறிந்திருந்தால், மாத்திரை நேரத்தில் தேத்தண்ணிக் குவளையைச் சற்றே தள்ளி வைக்கச் சொல்ல வீட்டில் இன்னோர் ஆள் இருப்பார்.

நமது பேரவை ஆண்டுதோறும் தோட்டப்புறங்களில் கல்வி முகாம்கள் நடத்தி வருகிறது. அம்முகாம்களில் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மார்கள் வெளியே காத்திருக்கும் நேரத்தில், அரை மணி நேரம் இவற்றைத் தமிழில் பேசலாம். ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். மாத்திரைக்குத் தண்ணீர், கீரைக்கு எலுமிச்சை, கருவுறும் முன்பே இலைச்சத்து என்ற மூன்று செய்திகள் போதும். மொழியைக் காப்போம் என்று மேடையில் முழங்கும் நாம், அம்மொழியில் ஒரு தாயின் உடல்நலத்துக்குப் பயன்படும் மூன்று வரிகளை எழுதித் தருவதும் மொழிப்பணியே என்பதை உணர்வோமாக.